பெயர் போடாத கடிதங்கள்

இந்த மாதம் போதையைப் பற்றிக் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். வழக்கத்தைவிட மூன்று மடங்கு கடிதங்கள் வந்தன. ஒன்றில்கூடப் பெயர் இல்லை. சமையலோ சாதகமோ கேட்கும்போது பெயர், ஊர், ஊரில் எந்தக் குறிச்சி என்பதுவரை எழுதுகிறவர்கள், இம்முறை உறையின் பின்பக்கத்தைக்கூட வெறுமையாக விட்டிருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பயம் எங்கள் வீட்டுக்குள்ளும் குடியிருந்ததுதான். கேள்விகளுக்கு வருகிறேன்.

மகனின் கட்டிலுக்கு அடியில் பலூன்களும், கிறீம் அடிக்கிற சிலிண்டர் மாதிரி ஒன்றும் கண்டேன். "இது ட்ரக்ஸ் இல்லை அம்மா, சிரிப்பு வாயு, எல்லாரும் செய்யினம்" என்கிறான். உண்மையா அக்கா?
ஒரு தாய், ஹரோ

சிரிப்பு வாயு என்பது உண்மை. நைட்ரஸ் ஒக்சைட். அவனைப் பெற்ற அன்று பிரசவ அறையில் உங்கள் வாயிலும் ஒரு குழாயை வைத்து இழுக்கச் சொல்லியிருப்பார்கள். அதில் வந்ததும் இதே வாயுதான். ஆனால் பாதிக்குப் பாதி ஒட்சிசன் கலந்திருந்தது, பக்கத்தில் தாதி நின்றார். உங்கள் மகனின் சிலிண்டரில் ஒட்சிசன் இல்லை, அறையில் தாதியும் இல்லை.

"ட்ரக்ஸ் இல்லை" என்பது பொய். 2023 நவம்பர் 8 முதல் பிரித்தானியாவில் இது சி வகுப்புப் போதைப்பொருள். போதைக்காகக் கையில் வைத்திருந்தால் 2 ஆண்டுவரை சிறை, விநியோகித்தால் 14 ஆண்டுவரை. கூட்டாளிக்கு ஒரு பலூனை நீட்டுவதும் விநியோகம்தான் என்பதை அவனுக்குச் சொல்லுங்கள்.

சட்டத்தைவிட அவனுடைய முள்ளந்தண்டுதான் என்னைப் பயமுறுத்துகிறது. இந்த வாயு உடம்பிலுள்ள வைட்டமின் பி12ஐச் செயலிழக்கச் செய்கிறது. நரம்பின் மேலுறையைப் பேண பி12 வேண்டும். அது இல்லாமல் போனால் மின்கம்பியின் உறை உரிந்ததுபோல நரம்பு நிர்வாணமாகிவிடும். முதலில் கால்விரலில் விறுவிறுப்பு. பிறகு படி இறங்கும்போது தடுமாற்றம், கண்ணை மூடினால் நிற்க முடியாமை. அதற்கும் பிறகு சக்கர நாற்காலி. வைட்சப்பலில் இருக்கும் ரோயல் லண்டன் வைத்தியசாலையின் நரம்பியல் வைத்தியர்கள் இதைச் சொல்லிச் சொல்லி எச்சரித்துவருகிறார்கள். அவர்களிடம் வருகிறவர்களில் பலர் இருபது வயதை ஒட்டியவர்கள். உங்கள் வீடு மரக்கறி வீடு என்றால் பி12 கையிருப்பு முதலிலேயே குறைவாக இருக்கக்கூடும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். இரத்தப் பரிசோதனையில் பி12 அளவு சரியாக இருக்கிறது என்று வந்தாலும் நிம்மதி அடைய முடியாது. அளவு இருக்கும், வேலை செய்யாது. ஆகவே வைத்தியரிடம் "பலூன் இழுத்தேன்" என்று அவன் வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும். நேரத்தோடு போனால் பி12 ஊசி போட்டுப் பெரும்பாலும் மீட்கலாம். ஊசியும் போட்டுப் பலூனும் இழுத்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் வார்த்த கதை.

இன்றிரவு கத்தாதீர்கள். "காலில் விறுவிறுப்பு ஏதும் இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவன் எதிர்த்துப் பேச மாட்டான், யோசிப்பான்.

கஞ்சா இயற்கை மூலிகைதானே? சித்தர்களே சொல்லியிருக்கிறார்களே?
பெயர் வேண்டாம், ஈஸ்ட்ஹாம்

அரளியும் இயற்கைதான்.

சித்த மருத்துவத்தில் கஞ்சா உண்டு, மறுக்கவில்லை. சுத்தி செய்து, அளவு பார்த்து, பல சரக்குகளில் ஒரு சரக்காக. லண்டன் தெருவில் கைமாறும் 'ஸ்கங்க்' வேறு சாமான். மூளையைக் கிறங்கவைக்கும் டி.எச்.சி. உச்சத்தில் இருக்கும்படி திட்டமிட்டு வளர்த்த செடி அது. தென் லண்டனில் முதன்முறையாக மனப்பிறழ்வு வந்தவர்களை கிங்ஸ் கல்லூரியின் மார்த்தா டி ஃபோர்ட்டி, ரொபின் மறே குழுவினர் ஆராய்ந்து, அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருடைய நோய்க்கு ஸ்கங்க் காரணமாக இருக்கலாம் என்று 2015இல் எழுதினார்கள். 2019இல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் பல இடங்களைச் சேர்த்து ஆராய்ந்தபோது, வீரியம் கூடிய கஞ்சாவை நாள்தோறும் புகைப்பவர்களுக்கு மனப்பிறழ்வு வரும் வாய்ப்பு, தொடாதவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று கண்டார்கள்.

புகைக்கிற எல்லாருக்கும் வராது. யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல எவராலும் முடியாது. குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்திருந்தால் வாய்ப்புக் கூடும். அதைக் கணக்கெடுக்கும்போது, ஊரில் 'பேய் பிடிச்சது' என்று சொல்லி மறைத்த பெரியப்பாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை இரவு மட்டும்தான். நானும் கூட்டாளியும் ஒரு போத்தல் விஸ்கி. மற்ற நாளில் தொடவே மாட்டன். நான் குடிகாரனா?
வெம்பிளி

பட்டத்தை விடுங்கள், கணக்குப் போடுவோம். 70 சென்ரிலீற்றர் போத்தல், 40 சதவீதம் என்றால் அதில் 28 யூனிட் அற்ககோல். சரிபாதி என்றால் உங்கள் பங்கு 14. இந்த நாட்டு வைத்தியர்கள் 2016 முதல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரு முழுக் கிழமைக்குச் சொல்லும் எல்லை 14. அதையும் மூன்று நாளாவது பரப்பிக் குடிக்கச் சொல்கிறார்கள். ஏழு நாள் எல்லையை நீங்கள் ஓர் இரவில் தொடுகிறீர்கள்.

இனி நான் கேட்கிறேன். போத்தல் உண்மையிலேயே சரிபாதியாகத்தான் பிரிகிறதா? வியாழன் பின்னேரமே மனம் வெள்ளிக்குப் போய்விடுகிறதா? வீட்டில் யாராவது வாய் திறந்தால் கோபம் வருகிறதா? சனி காலை கை நடுக்கத்துக்கு ஒன்று போட வேண்டியிருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் திங்கள் காலை ஜி.பி.க்கு அழையுங்கள்.

என் கணவர் பதினைந்து வருடமாக நாள்தோறும் குடிக்கிறார். வாற வெள்ளி கோயிலில் சத்தியம் பண்ணி, அன்றோடு ஒரு சொட்டும் தொடமாட்டன் என்கிறார். நான் எவ்வளவு சந்தோசமாக இருக்கிறேன் தெரியுமா?
குரொய்டன்

அம்மா, உங்கள் சந்தோசத்தை நான் குறைக்க விரும்பவில்லை. ஆனால் இந்த இதழில் ஒரு பதிலை மட்டும்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பதினைந்து வருடம் நாள்தோறும் குடித்த உடம்பு குடியைச் சேர்த்தே தன்னைச் சமப்படுத்தி வைத்திருக்கிறது. குடி மூளையை அமுக்க அமுக்க, மூளை அதற்கு எதிராக விசையைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது. திடீரென்று கையை எடுத்தால் அந்த விசை துள்ளி எழும். நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி, சுவரில் பூச்சி ஊர்வதாகத் தெரியும், காய்ச்சல் ஏறும். அந்தக் கட்டம் உயிரையே எடுக்கும். ஹெரோயினை நிறுத்துகிறவர் படும் பாடு பெரும்பாடு, ஆனாலும் அதில் சாவு அரிது. குடியை ஒரேயடியாக நிறுத்தித்தான் ஆட்கள் சாகிறார்கள்.

சத்தியம் பண்ணட்டும். அதற்கு முன் வைத்தியரைப் பார்க்கட்டும். சில நாட்களுக்கு மாத்திரை கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்து இறக்குவார்கள். தயமின் என்ற பி1 வைட்டமினும் தருவார்கள். குடிகாரர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டதும் ஒட்டுவதில்லை. பி1 வற்றினால் நினைவாற்றல் திரும்பாமலே போய்விடக்கூடும். வைத்தியரைப் பார்க்கும்வரை அவர் குடியைத் தானாக முற்றாக நிறுத்தக்கூடாது. மனைவியிடம் இதைச் சொல்ல எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன். வலிப்போ புத்தித் தடுமாற்றமோ வந்தால் 999. கோயில் எங்கேயும் போய்விடாது, திருநீறு பிறகு பூசலாம்.

கலியாணம் செய்து வைத்தால் திருந்துவான் என்கிறார்கள்.
ஸ்லவ்

அந்தப் பெண்ணும் ஒரு வீட்டுப் பிள்ளை.

ஜி.பி.யிடம் சொன்னால் வீசாவில் பிரச்சினை வருமா? பொலிஸுக்குச் சொல்வார்களா?
இல்ஃபோர்ட், கிங்ஸ்டன், ஹேய்ஸ் (ஒரே கேள்வி, மூன்று உறைகள்)

போதைப் பழக்கம் இருக்கிறது என்று வைத்தியரிடம் சொல்வது குற்றமல்ல. சிகிச்சை கேட்பதும் குற்றமல்ல. இரகசியம் காப்பது வைத்தியரின் கடமை. பிள்ளைக்கு ஆபத்து, பிறர் உயிருக்கு ஆபத்து போன்ற நிலைகளில்தான் அவர் வாய் திறக்கலாம். வாகனம் ஓட்டுகிறவர் குடிக்கோ போதைக்கோ அடிமைப்பட்டிருந்தால் சாரதி அனுமதிப்பத்திரம் வழங்கும் டி.வி.எல்.ஏ.க்கு அறிவிக்க வேண்டியது சட்டம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீசாவை ஆட்டம் காணவைப்பது நீதிமன்றத் தண்டனை. சிகிச்சை அந்த நாளை வராமல் தடுக்கிற வழி.

ஜி.பி. வேண்டாம் என்றால் உங்கள் கவுன்சில் பகுதியிலுள்ள போதை, மது சிகிச்சை நிலையத்துக்கு நேராகவே போகலாம். கடிதம் தேவையில்லை, கட்டணமும் இல்லை. ஃபிராங்க் என்ற உதவி இலக்கம் 0300 123 6600. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, தகப்பனின் குடியை அவள் வாயால் ஆங்கிலப்படுத்த வைக்காதீர்கள். அந்தச் சொற்களை அவள் ஆயுள் முழுக்கச் சுமப்பாள்.

ஹெராயின், அபின் எல்லாம் நம்ம ஆசியாவுல இருந்துதானே இங்க வந்துச்சு? அதுக்காக வெட்கப்படணுமா?
சென்னை மாணவர், ஸ்ட்ராட்ஃபோர்ட்

தம்பி, ஒருநாள் பாடிங்டன் ஸ்டேஷனில் இறங்கிப் பக்கத்திலிருக்கும் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1874இல் சார்ல்ஸ் ரோம்லி ஆல்டர் ரைட் என்ற வேதியியலாளர், மார்பினை வேறொரு அமிலப் பொருளோடு சேர்த்துக் காய்ச்சி, டயமார்பினை முதன்முதலாக உண்டாக்கியது அங்கேதான். 1898இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் அதற்கு 'ஹெராயின்' என்று வணிகப் பெயர் சூட்டி இருமலுக்கு மருந்தாக விற்றது. அதே செயின்ட் மேரிஸில்தான் 1928இல் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டார்.

அபின் செடி ஆசியாவில் விளைந்தது. பீகாரிலும் காசியைச் சுற்றியும் உழவர்களை முன்பணத்தால் கட்டிப்போட்டு அதை விளைவித்து, கல்கத்தாவில் ஏலம் விட்டு, சீனாவுக்குப் போகும்படி செய்தது கிழக்கிந்தியக் கம்பெனி. அதன் தலைமையகம் இருந்தது லண்டன் லெடன்ஹால் தெருவில். இப்போது சொல்லுங்கள், எது எங்கிருந்து எங்கே போனது? நமக்கு வெட்கம் வேண்டாம். உங்கள் விடுதியில் யாராவது இருமல் மருந்தைப் போத்தல் போத்தலாகக் குடிக்கிறார்களா என்பதில் மட்டும் கண் இருக்கட்டும். கோடீன் கலந்த இருமல் பாகைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2024இல் இந்த நாடு முடிவெடுத்தது, அது போதைக்குப் போவதைக் கண்டுதான்.

முழங்கால் நோவுக்கு கோ-கோடமோல் நான்கு வருடமாகப் போடுகிறேன். கடையில் வாங்குவதுதானே?
ஒரு அம்மம்மா, சட்டன்

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள் அம்மா. மூன்று நாளுக்கு மேல் போட வேண்டாம், பழகிவிடும் என்று அச்சடித்திருக்கும். அதிலுள்ள கோடீன் உங்கள் ஈரலில் மார்பினாக மாறுகிறது. மலச்சிக்கலும் போகாத தலையிடியும் இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். திடீரென நிறுத்தாமல் வைத்தியரோடு பேசிக் குறையுங்கள். யாரும் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். முழங்காலுக்கு வேறு வழிகளும் உண்டு.

வெற்றிலையையும் போதை என்று சொல்லிவிடாதே பிள்ளை.
அதே அம்மம்மாவின் கூட்டாளி, சட்டன்

வெற்றிலையை ஒன்றும் சொல்ல மாட்டேன். பாக்கைத்தான் சொல்கிறேன். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004இல் உறுதிப்படுத்தியது. மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விட்டு, வாய் போதிய அளவு திறக்கிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால், அல்லது உறைப்புப் பட்டால் வாய் எரிகிறது என்றால், இந்தக் கிழமையே பல் வைத்தியரிடம் போங்கள். இருவருமாகப் போங்கள்.

மகன் இங்கே கெட்ட சகவாசம். ஆறு மாதம் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால் திருந்தி வருவானா?
ஒரு தகப்பன், ரூட்டிங்

ஐயா, நீங்கள் விட்டுவந்த யாழ்ப்பாணம் உங்கள் மனதில் அப்படியே இருக்கிறது. அங்கே இருக்கிற தாய்மாரைக் கேளுங்கள். ஹெரோயினும் ஐஸ் என்ற போதைப்பொருளும் அவர்களையும் அழவைக்கின்றன. புதிய ஊரில், கையில் பவுண் உள்ள தனிப் பெடியனை விற்கிறவன் முதல் கிழமையே அடையாளம் காண்பான்.

இதைவிடப் பெரிய ஆபத்து அவன் திரும்பி வரும் நாளில் இருக்கிறது. இடைவெளி விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது. கம்டனில் வாழ்ந்த பாடகி ஏமி வைன்ஹவுஸை நினைத்துப் பாருங்கள். சில கிழமை குடிக்காமல் இருந்துவிட்டுத் திரும்பக் குடித்தார். 2011 ஜூலை 23 அன்று கட்டிலில் இறந்துகிடந்தார். வயது 27. இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 416 மில்லிகிராம் அற்ககோல். வாகனம் ஓட்ட இங்கே அனுமதிக்கும் எல்லை 80. சிறையிலிருந்து வெளியே வரும் நாளும் மறுவாழ்வு இல்லத்திலிருந்து வீடு திரும்பும் கிழமையும் இப்படித்தான் ஆபத்தானவை.

பயணச்சீட்டுக்குச் சேர்த்த காசு இருக்கட்டும். அவனோடு ரூட்டிங்கிலேயே சிகிச்சை நிலையத்தின் படியேறுங்கள். நீங்கள் பக்கத்துக் கதிரையில் இருப்பதை அவன் பார்க்க வேண்டும்.

பார்ட்டியில் ஒருத்தன் மயங்கிக் கிடந்து குறட்டை விட்டான். தூங்கட்டும் என்று விட்டோம். காலையில் எழும்பிவிட்டான். சரியாகத்தானே செய்தோம்?
வயது 19, ஹவுன்ஸ்லோ

அவன் எழும்பியது அதிர்ஷ்டம். எழுப்பினால் எழும்பாத குறட்டை, மூச்சுப்பாதை அடைபடும் சத்தமாக இருக்கலாம். உதடு நீலம், மூச்சு மெதுவாக, கிள்ளினாலும் அசைவில்லை என்றால் உடனே 999. மூச்சு இருந்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள். தனியே விடாதீர்கள். என்ன எடுத்தான் என்பதை மருத்துவ உதவியாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நித்திரை மாத்திரை என்று தெருவில் வாங்குவதில் இப்போது நைட்டஸீன் என்ற ஹெரோயின் இனப் போதைப்பொருள்கள் கலந்து வருகின்றன. துளியளவே மூச்சை நிறுத்தும். 2024 மார்ச்சில் அவற்றில் பலவற்றை ஏ வகுப்பில் சேர்த்தார்கள். நலொக்சோன் என்று ஒரு மாற்று மருந்து உண்டு. மூக்கில் பீச்சினால் போதும், ஹெரோயின் இனப் போதையால் நின்றுபோகும் மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும். சிகிச்சை நிலையங்களில் இலவசமாகத் தருவார்கள், பாவிக்கவும் பழக்குவார்கள். உங்கள் கூட்டத்தில் ஒருவராவது போய் வாங்கி வையுங்கள். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.

குடும்ப மானம் போகாமல் என் தம்பியை எப்படிச் சரிப்படுத்துவது?
ஒரு அக்கா, நியூ மோல்டன்

இந்தக் கேள்விக்கு என் வீட்டில் ஒரு விடை கிடைத்தது, அதைச் சொல்கிறேன். என் சின்ன மாமா நல்ல மனுசன், பிள்ளைகள் எல்லாரையும் தோளில் சுமந்தவர். குடித்தார். மஞ்சள் கண், ஊதிய வயிறு, மெலிந்த கைகால். ஆர் கேட்டாலும் 'வாய்வு' என்றோம். விருந்துக்கு வருகிறவர்கள் பார்க்காமல் அறைக்குள் இருத்தினோம். வைத்தியரிடமும் 'எப்போதாவது கொஞ்சம்' என்றோம். இரத்தம் கக்கிய இரவுதான் உண்மையைச் சொன்னோம். செத்தவீட்டில் வந்தவர்களுக்கு 'மாரடைப்பு' என்றோம். மானத்தைக் காப்பாற்றிவிட்டோம். மாமாவைக் காப்பாற்றவில்லை. அவர் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் எங்கள் முகத்தைப் பார்க்கப் பிடிப்பதில்லை.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற பெண்ணுக்கும் இதே துக்கம் வந்தது. டி.டி.கே. என்ற பேர்பெற்ற குடும்பத்தின் மருமகள். கணவர் இளவயதிலேயே குடியால் இறந்தார். 'மாரடைப்பு' என்று சொல்ல எங்களைவிட அவருக்குக் காரணம் அதிகம். அவரோ கணவரின் பெயரையே வைத்து 1980இல் சென்னையில் குடி, போதைச் சிகிச்சைக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கினார். குடித்தவரை மட்டுமல்ல, மனைவியையும் பிள்ளைகளையும் சேர்த்தே அங்கே பார்க்கிறார்கள். 1992இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது அவரால்.

உங்கள் தம்பியைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லத் தேவையில்லை. ஒரு வைத்தியர், வீட்டில் இன்னும் ஒருவர், இரண்டு பேர் போதும். முதலில் தம்பியிடம் சொல்லுங்கள், "எனக்குத் தெரியும், நான் கோபமாக இல்லை" என்று. அவன் அதை எத்தனை வருடமாக எதிர்பார்த்திருப்பான் என்று நினைத்துப் பார்க்கிறேன், மாமாவின் முகம்தான் வருகிறது.

கேள்வி ஒன்றும் இல்லை. குடித்து இன்றோடு நான்கு மாதமும் ஆறு நாளும். ஆருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லலாம்போல இருந்தது.
நீல மையில் எழுதிய ஒருவர்

இரண்டு தரம் வாசித்தேன். 'நான்கு' என்பதை வெட்டித் திருத்தி எழுதியிருக்கிறீர்கள், நாட்களை எண்ணிப் பார்த்திருப்பீர்கள். ஐந்தாம் மாதமும் எழுதுங்கள். இடையில் ஒருநாள் சறுக்கினாலும் எழுதுங்கள், அன்றைக்குத்தான் கட்டாயம் எழுத வேண்டும். பெயர் வேண்டாம். உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியும்.